அகராதி ஹஜ்ரத்தும் ஃபெஸ்ஸான் ஆடுகளும்

கெய்ரோவில் சுவைக்கத்துல் லாலா என்று ஒரு வட்டாரம். 1775-க்குப் பிறகு சில வருஷங்கள், ஹஜ் முடித்த கூட்டம் ஊர் திரும்பும் பருவம் வந்தால், அங்கே ஒரு வீட்டு வாசலில் காலை தொடங்கி இருட்டும்வரை ஆள் நெரியும். மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா என்று மேற்கே இருந்து வந்த ஹாஜிமார்கள். ஒருவர் கையும் வெறுங்கை இல்லை. எப்படியாவது உள்ளே நுழைந்து, கொண்டுவந்ததைக் கொடுத்து, விரல் நுனி அளவுக்கு ஒரு துண்டுக் காகிதம் வாங்கிவிட்டால் போதும், ஹஜ் கபூலாகிவிட்டது. காகிதத்தைத் தாயத்துபோல் பத்திரப்படுத்திக்கொண்டு கிளம்புவார்கள். கிடைக்காதவர் பாடு பரிதாபம். மக்கா வரைக்கும் போனவன் அவரைப் பார்க்காமலா திரும்பினாய் என்று ஊரில் வாழ்நாளெல்லாம் குத்திக்காட்டுவார்கள்.

உள்ளே உட்கார்ந்திருந்தவர் ஏதோ குகையில் தவமிருந்த இறைநேசர் என்று நினைத்தால் தப்பு. அவர் அரபி அகராதி எழுதியவர். அகராதி எழுதினவனுக்குக் கண் பூத்துப்போகும், முதுகு வளையும், கடைசியில் பதிப்பாளரோடு மனஸ்தாபம் வரும். இதுதான் உலக வழக்கம். வாசலில் வரிசை நின்றதாக நானறிய இவர் ஒருவருக்குத்தான் சரித்திரம் இருக்கிறது. பெயர் முர்தளா ஸபீதி.

இதற்குச் சாட்சி அவருடைய சீடர் அப்துர் ரஹ்மான் ஜபர்தி. பின்னாளில் நெப்போலியன் எகிப்துக்குள் நுழைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதினாரே, அதே ஜபர்தி. உஸ்தாத் மேல் அவருக்கு மரியாதை நிறைய. ஆனாலும் சரித்திரம் எழுதுகிறவனின் கை சும்மா இருக்காது. உஸ்தாத் வீட்டுக்கு எந்த ஊரிலிருந்து என்ன வந்தது, எது எங்கே கைமாறியது, எது திருப்பி அனுப்பப்பட்டது என்பதுவரை எழுதிவைத்துவிட்டார். ஸபீதி உயிரோடிருந்து படித்திருந்தால் அந்த வீட்டில் ஜபர்திக்கு அப்புறம் காபி கிடைத்திருக்காது.

ஸபீதி பிறந்தது 1732-ல், பில்கிராமில். இன்றைய உத்தரப் பிரதேசத்து ஹர்தோய் மாவட்டம், கன்னோஜுக்குப் பக்கம். இராக்கின் வாஸித் நகரிலிருந்து வந்த சையிது குடும்பங்கள் குடியேறிய ஊர். சின்ன ஊர்தான், ஆனால் தடுக்கி விழுந்தால் ஒரு கவிஞர் மேலோ ஒரு ஆலிம் மேலோதான் விழவேண்டும். அரபியிலும் பாரசீகத்திலும் எழுதிக் குவித்த ஆஸாத் பில்கிராமியும் அந்த ஊர்தான். பையன் டில்லிக்குப் போய் ஷா வலியுல்லாவிடம் ஓதினார், சூரத்தில் ஓதினார், பிறகு கடல் தாண்டி யமனில் ஸபீது நகரத்தில் போய் இறங்கினார். அங்கே ஓதிய காலத்துக்குப் பிறகு ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டார். பெற்று வளர்த்த பில்கிராம் அம்போ.

காரியக்காரர் செய்கிற வேலைதான் இது. அரபிச் சொற்களுக்கெல்லாம் பொருள் சொல்ல வருகிறவர் கங்கைக்கரைக்காரர் என்றால் கெய்ரோவில் ஒரு புருவமாவது உயரும். யமன்காரர் என்றால் கேள்வி கிடையாது. ஜபர்தியின் குறிப்பிலேயே பார்க்கலாம்: பிறந்த ஆண்டு இருக்கிறது, அதை அவர் வாயாலேயே கேட்டதாகவும் அவர் கையெழுத்தில் பார்த்ததாகவும் இருக்கிறது, தம் நாட்டில் வளர்ந்தார் என்றும் இருக்கிறது. எந்த நாடு என்பது இல்லை. அடுத்த நூற்றாண்டில் போபால் சித்தீக் ஹஸன் கான் எழுந்து, ஐயா, இவர் எங்கள் பில்கிராம்காரர் என்று உரிமை கொண்டாடினார். சித்தீக் ஹஸன் கானின் சொந்த ஊர் கன்னோஜ். பக்கத்து ஊர்க்காரனுக்குத்தான் இந்த விஷயத்தில் வாய் அடங்காது.

ஸபீதுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. காமூஸ் என்ற புகழ்பெற்ற அகராதியை எழுதிய பிரூஸாபாதி பாரசீகக்காரர். ஊர் ஊராகச் சுற்றி, டில்லியையும் பார்த்துவிட்டு, கடைசி இருபது வருஷங்களுக்கு அந்த ஊரில்தான் தலைமை காஜியாக உட்கார்ந்தார். 1415-ல் மௌத்தாகி அடக்கமானதும் அங்கேதான். யமன் சுல்தான் அவருடைய மகளையே நிக்காஹ் செய்துகொண்டார் என்றால் அகராதிக்காரருக்கு அங்கே இருந்த மவுசைப் புரிந்துகொள்ளலாம். இளவயது ஸபீதி இதையெல்லாம் கேள்விப்பட்டிருப்பார். மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டும் இருப்பார்.

அடுத்து மக்கா, மதீனா, தாயிப். மதீனாவில் இப்னுத் தய்யிப் என்ற மொராக்கோ அறிஞர் காமூஸுக்கு விளக்கம் எழுதிவைத்திருந்தார், அவரிடம் ஓதினார். தாயிபில் அப்துர் ரஹ்மான் ஐதரூஸ் என்ற யமன் பெரியவர், எகிப்தின் ஆலிம்கள், அமீர்கள், புலவர்கள், ஜியாரத் இடங்கள் என்று வர்ணித்து வர்ணித்து இவருக்கு ஆசையைக் கிளப்பிவிட்டார். 1753 டிசம்பரில் இவர் கெய்ரோ வந்து சேர்ந்தபோது வயது இருபத்தொன்று. தங்கியது கான் அஸ்ஸாகாவில், தட்டார்கள் கடை போட்டிருந்த பகுதி. வந்ததும் இஸ்மாயில் கத்குதா என்ற ராணுவப் பெரும்புள்ளி ஆதரவு கொடுத்தார். சீக்கிரமே நல்ல துணிமணி, நல்ல குதிரை. மூன்று தரம் மேல் எகிப்துக்குப் பயணம் போனார். அங்கே ஹம்மாம் என்ற அரபுத் தலைவர் விருந்து வைத்து அனுப்பினார். டமியட்டா, ரொசெட்டா, மன்சூரா என்று கீழ்ப்பக்கமும் விடவில்லை. போன இடமெல்லாம் ஹதீஸ் கேட்டார், பேரைக் குறித்துக்கொண்டார். குறித்துக்கொள்ளும் பழக்கம்தான் இந்த மனிதரின் மொத்த மூலதனம்.

1760-ஐ ஒட்டி வேலையை ஆரம்பித்தார். பிரூஸாபாதியின் காமூஸில் அறுபதாயிரம் பதிவுகள். மனிதர் சிக்கனத்துக்குப் பேர்போனவர். ஊர் என்றால் ஓர் எழுத்து, கிராமம் என்றால் ஓர் எழுத்து, பன்மை என்றால் ஓர் எழுத்து. எல்லாவற்றையும்விட அழகு, 'தெரிந்ததே' என்பதற்கும் ஓர் எழுத்து வைத்திருந்தார். சொல்லைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டி வந்து சேர்ந்தால், எதிரே 'மீம்' என்று ஒற்றை எழுத்து நிற்கும்: இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, போய் வேலையைப் பார். தெரிந்திருந்தால் இவன் ஏன் ஐயா அகராதியைப் புரட்டுகிறான்?

தேடுவதும் லேசுப்பட்டதில்லை. சொல்லின் வேரை எடுத்து அதன் கடைசி எழுத்தைப் பார்க்கவேண்டும். அதுதான் பெரும்பிரிவு. பிறகு முதல் எழுத்துக்குத் திரும்பிவரவேண்டும். அது உட்பிரிவு. எதுகை தேடித் தவிக்கிற கவிஞர்களுக்கு இந்த முறை வசதி. மற்றவர்கள் சொல்லை வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டியதுதான்.

இந்தக் காமூஸைத்தான் ஸபீதி கையில் எடுத்தார். பழைய வாசகம் ஒன்று விடாமல், அதற்கு நடுவே தன் விளக்கத்தைப் பின்னிக்கொண்டே போனார். 'தெரிந்ததே' என்ற இடங்களில் தெரியாதவர்களுக்காக எழுதினார். கூடவே ஹதீஸ் அறிவித்தவர்கள், எகிப்தின் கிராமங்கள், எங்கேயோ பார்த்த ஷைகுமார்கள் எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு ஊர்ப் பெயர் வந்தால், நான் அங்கே போயிருக்கிறேன் என்று ஒரு வரி. அகராதியில் ஆசிரியரின் பயணக் கட்டுரையும் இலவசம். பதினாலு வருஷம் கழித்து, 1774-ல் முடித்தபோது பதிவுகள் ஒரு லட்சத்து இருபதாயிரம். பெயர் தாஜுல் அரூஸ், மணப்பெண்ணின் கிரீடம்.

இதில் எவ்வளவு சொந்தச் சரக்கு என்ற கேள்விக்கு வெகுகாலம் கழித்து ஒரு ஆங்கிலேயர் பதில் சொன்னார். எட்வர்ட் லேன் 1842-ல் கெய்ரோவுக்கு வந்து, ஏழு வருஷம் இந்த நூலைப் பிரதி எடுக்கவும் ஒப்பிடவும் உட்கார்ந்தார். தன்னுடைய அரபி–ஆங்கில அகராதிக்கு இதுதான் அடித்தளம். ஒப்பிடப் போனவருக்குத்தான் விஷயம் தெரிந்தது. ஸபீதி சேர்த்தவற்றில் பெரும்பகுதி இப்னு மன்ஸூரின் லிஸானுல் அரபில் அப்படியே கிடக்கிறது. ஸபீதிக்கு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய நூல் அது. சும்மா சொல்லக் கூடாது, ஸபீதி இதை ஒளித்துவைக்கவில்லை. யார் யாரிடம் எடுத்தேன் என்று முன்னுரையிலேயே நீளமாகப் பட்டியல் கொடுத்திருக்கிறார். அகராதியில் சொந்தமாகக் கற்பித்து எழுதினால்தான் போலீஸில் பிடித்துக் கொடுக்கவேண்டும். தவிர, ஸபீதி எடுத்த வேலையை முடித்தார். லேன் 1876-ல் 'காஃப்' எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடினார்.

முடித்தார் என்றேன். முடிப்பதற்கு முன்னாலேயே விழா கொண்டாடிவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். 1767 வாக்கில், இன்னும் ஏழு வருஷ வேலை பாக்கி இருக்கும்போதே, கைத்துல் மஅதிய்யா என்ற தோட்டத்தில் பெரிய விருந்து. மாணவர்கள், நகரத்து ஷைகுமார்கள் எல்லாருக்கும் அழைப்பு. சாப்பாடு முடிந்ததும் எழுதியவரைக்குமான பாகத்தை எடுத்து நடுவில் வைத்தார். பெரியவர்கள் புரட்டிப் பார்த்தார்கள், வாய் பிளந்தார்கள், உரைநடையிலும் செய்யுளிலும் அணிந்துரை எழுதிக் கொடுத்தார்கள். அல்-அஸ்ஹரின் மாலிகி மத்ஹபுப் பெருந்தலைகளான அலி அஸ்ஸயீதியும் அஹ்மத் தர்தீரும் அதில் உண்டு. பந்தியில் கை நனைத்தபின் அணிந்துரையில் குறை எழுத எந்த நாட்டிலும் ஆள் கிடையாது. பாதிப் புத்தகத்துக்கு வெளியீட்டு விழா என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருப்பவர்கள் காப்புரிமையைக் கெய்ரோவுக்கு அனுப்பிவைக்கலாம்.

விழாவுக்குப் பலன் கிடைத்தது. முஹம்மது பே என்று ஒரு மம்லூக் பிரபு. பட்டப்பெயர் அபுத் தஹப், பொன்னின் தகப்பன். பே பதவி கிடைத்த அன்று வெள்ளி இறைப்பது வழக்கமாக இருக்க, இவர் தெருவில் தங்கக் காசை இறைத்ததால் வந்த பெயர். எஜமானர் அலி பேயைக் கவிழ்த்துவிட்டு எகிப்துக்கே அதிபதியானார். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கட்டத்தில் பள்ளிவாசல் கட்டத் தோன்றும். 1774-ல் அல்-அஸ்ஹருக்கு எதிரேயே ஒன்று கட்டி, உள்ளே நூலகம் வைத்தார். இந்த அகராதி இருந்தால் இப்படி ஒரு நூலகம் வேறெங்கும் இருக்காது என்று பக்கத்திலிருந்தவர்கள் ஏற்றிவிட்டார்கள். ஒரு லட்சம் வெள்ளி திர்ஹம் கொடுத்து வாங்கினார். மறுவருஷமே, 1775-ல், பாலஸ்தீனத்துக்குப் படையெடுத்துப் போன இடத்தில், அக்கா நகரில் செத்துப்போனார். அந்த ஒரு வருஷத்தில் அவர் எத்தனை சொல்லுக்குப் பொருள் பார்த்தார் என்று யாரும் கேட்கவேண்டாம்.

அதே 1775-ல்தான் ஸபீதி சுவைக்கத்துல் லாலாவுக்கு வீடு மாறினார். பணக்காரர்கள் வாழ்கிற பகுதி. ஆளை ஜபர்தி நிறுத்திவைத்துப் படம் பிடித்திருக்கிறார். நடுத்தர உயரம், மெலிந்த உடம்பு, பொன் நிறம், அளவான தாடி, அதில் பெரும்பாகம் நரை. மக்காக்காரர்கள் பாணியில் வெள்ளை மஸ்லின் தலைப்பாகை. அதன் ஒரு நுனி பிடரியில் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும். சிரித்த முகம், கம்பீரம். கெய்ரோ ஷைகுமார்களில் யாரும் இப்படி உடுத்துவதில்லை. கூட்டத்தில் பின்னாலிருந்து பார்த்தாலும் இன்னார் என்று தெரியும். துருக்கி பேசுவார், பாரசீகம் பேசுவார், கொஞ்சம் ஜார்ஜிய மொழியும் வரும். எகிப்தை ஆண்ட மம்லூக்குகளில் பலர் காக்கேசிய மலைகளிலிருந்து சிறுவர்களாக விலைக்கு வாங்கப்பட்டு வந்தவர்கள். ஒரு பேயின் கூடத்தில் அவருடைய தாய்மொழியில் நாலு வார்த்தை பேசுகிற ஆலிமுக்கு என்ன கிடைக்கும் என்பதை அகராதியில் தேடவேண்டியதில்லை.

ஹதீஸ் மஜ்லிஸை அவர் புதுப்பித்த விதம் தனிக்கதை. அல்-அஸ்ஹர் ஆலிம்கள் சிலர் வந்து இஜாஸா, அதாவது ஹதீஸ் அறிவிக்க அனுமதிப் பத்திரம், கேட்டார்கள். வெறுமனே எழுதித் தரமாட்டேன், உட்கார்ந்து ஓதினால்தான் என்றார். திங்களும் வியாழனும் ஸலீபா வட்டாரத்து ஷைகூன் பள்ளிவாசலில் புகாரி ஷரீஃப் ஆரம்பமானது. ஹதீஸைச் சொல்லும்போது அறிவிப்பாளர் வரிசை முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்தார். முற்காலத்து முறை அது, கெய்ரோவில் வெகுநாளாக வழக்கொழிந்திருந்தது. ஊர் அசந்துபோனது. பெரிய மனிதர்கள் வீட்டுக்கே அழைத்தார்கள். முக்கியமான மாணவர்கள், ஓதுகிறவர், எழுதுகிறவர் என்று பரிவாரத்தோடு போவார். வீட்டுக்காரர் பிள்ளைகளோடும் நண்பர்களோடும் எதிரே உட்கார, பெண்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள். ஓதி முடியும்வரை அம்பரும் அகிலும் புகையும். கடைசியில் ஸலவாத்து. பிறகு எழுத்தர் வந்திருந்தவர் அத்தனை பேர் பெயரையும், திரைக்குப் பின்னாலிருந்த பெண்கள், சின்னப் பையன்கள், பெண் குழந்தைகள் உட்பட, தேதியோடு எழுதுவார். அடியில் ஷைகு, இது சரி என்று கையெழுத்துப் போடுவார். ஒரு வீட்டுப் பெண்பிள்ளையின் பெயர் நபிமொழிக்காரர்களின் சங்கிலியில் ஒரு கண்ணியாக ஏறிவிடும். இதைச் சிரித்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்தக் காலத்துக் கெய்ரோவில் ஒரு பெண் குழந்தையின் பெயரைத் தேதி போட்டு எழுதிவைக்க வேறு யார் இருந்தார்கள்?

இனி, வாசலில் நின்ற மேற்கத்தி ஹாஜிகளிடம் வருவோம். ஒருவர் உள்ளே வந்தால் ஷைகு நிதானமாக விசாரிப்பார். உன் பேர் என்ன, பட்டப்பேர் என்ன, எந்த ஊர், எந்தத் தெரு, என்ன தொழில், எத்தனை பிள்ளை, பக்கத்து வீட்டில் யார்? கேட்டதெல்லாம் மனசில் ஏறும், இல்லாவிட்டால் காகிதத்தில் ஏறும். அடுத்த வருஷம் அதே ஊரிலிருந்து இன்னொருவர் வருவார். எந்த ஊர் என்று கேட்பார். பதில் வந்ததும், அங்கே இன்னார் இருப்பாரே, சுகமா? அவர் தம்பி? அந்த மகள்? அவர் வீட்டுக்குப் பக்கத்து வீடு இன்னாருடையதுதானே? வந்தவர் ஆடிப்போவார். ஆயிரம் காதத்துக்கு அப்பால் இருக்கிற தன் தெரு இவருக்குக் கண்முன் தெரிகிறதே, இது மறைவானதைக் காணும் கஷ்ஃப் அல்லாமல் என்ன என்று எழுந்து தரையை முத்தமிடுவார். ஒரு லட்சத்து இருபதாயிரம் பதிவுகளை வேர் எழுத்துப்படி அடுக்கிய தலைக்கு நானூறு மொராக்கோக்காரர்களைத் தெருவாரியாக அடுக்குவது பெரிய காரியமா? பக்தர்களுக்கு அது தோன்றவில்லை. ஷைகும் அதைத் திருத்தவில்லை.

பரிசுகள் இங்கே மட்டும் நிற்கவில்லை. துருக்கி, ஹிஜாஸ், இந்தியா, யமன், சிரியா, பஸ்ரா, சூடான், அல்ஜீரியா என்று எல்லாத் திசையிலிருந்தும் கடிதமும் காணிக்கையும் வந்தன. வந்ததை வீட்டில் அடுக்கிவைக்கிற ஆள் இல்லை அவர். ஒரு நாட்டுச் சரக்கை அது கிடைக்காத இன்னொரு நாட்டுக்கு அன்பளிப்பாக அனுப்புவார். இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் முரப்பா, ஷர்பத், அகில், அம்பர், ராத்தல் கணக்கில் அத்தர் வரும். அது வேறு திசைக்குப் போகும். அங்கிருந்து பதில் மரியாதை பல மடங்காகத் திரும்பும். கொள்முதல் கிடையாது, கடை கிடையாது, வரி கிடையாது. அந்தச் சரக்குப் பட்டியலில் கிளிகளும் இருக்கின்றன, அடிமைப் பெண்களும் ஆண்களும் இருக்கிறார்கள். ஜபர்தி மூச்சுவிடாமல் ஒரே வரியில் தாண்டிப்போகிறார்; அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் தாண்டினார்கள்.

பட்டியலில் என் மனம் கவர்ந்தவை லிபியாவின் உட்பகுதியான ஃபெஸ்ஸானிலிருந்து வந்த ஆடுகள். பார்க்க விசித்திரமாக, பெரிய உருவமாக, கன்றுக்குட்டித் தலையோடு இருந்தனவாம். அகராதி ஆசிரியர் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இஸ்தான்புலுக்கு, சுல்தான் அப்துல் ஹமீதின் பிள்ளைகளுக்கு அனுப்பிவைத்தார். அரண்மனைப் பிள்ளைகளுக்கு ஆடுகள் ரொம்பப் பிடித்துப்போயின. ஸஹாராவிலிருந்து பாஸ்பரஸ் கரைவரை, ஒரு காமூஸ் விளக்கவுரையின் பலத்தில் பயணம் போன ஆடுகள் அவை.

சுல்தானின் கடற்படைத் தலைவர் ஹஸன் பாஷா 1786-ல் படையோடு எகிப்துக்கு வந்தார். மம்லூக்குகளுக்குக் குலைநடுங்கிய நேரம். ஊர்ப்பட்ட பெரிய மனிதர்கள் சலாம் போட ஓடினார்கள். ஸபீதி நகரவில்லை. பாஷாவே வீடு தேடி வந்து, உரோமச் சால்வை போர்த்தி, ஆயிரம் தீனார் பெறுமான சேணத்தோடு ஒரு குதிரையும் கொடுத்துவிட்டுப் போனார். போகாமல் இருப்பதுதான் பெரிய மரியாதை வாங்கும் வழி என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

இதற்கெல்லாம் சிகரம் அக்கா நகரத்து ஆளுநர் அஹ்மத் பாஷா. ஜஸ்ஸார் என்று பட்டம், கசாப்புக்காரன். பட்டத்துக்கு ஏற்ற நடத்தை. 1799-ல் நெப்போலியனையே வாசலோடு திருப்பி அனுப்பியவர். இவருக்கு ஸபீதி ஒரு கடிதம் எழுதினார்: எதிர்பார்க்கப்படும் மஹ்தி தாங்கள்தான், தங்களுக்குப் பெரும் மகிமை காத்திருக்கிறது. கசாப்புக்காரர் நம்பிவிட்டார். ஆசை இருக்கிற பக்கம்தானே மனசு சாயும் என்று ஜபர்தி சாவதானமாகச் சொல்கிறார். கடிதம் மற்ற தாயத்துகளோடு தாயத்தாக பாஷாவின் உடம்பில் ஏறியது. ஜோசியம், ஆரூடம் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களிடம் மட்டும் ரகசியமாக எடுத்துக் காட்டுவார். எகிப்திலிருந்து யார் வந்தாலும் முதல் கேள்வி ஷைகு ஸபீதியைத் தெரியுமா என்பதுதான். தெரியும், மகான், அவரிடம் ஓதியிருக்கிறேன் என்றால் உபசாரம், பரிசு. தெரியாது என்றோ, ஏதோ ஒரு மாதிரி என்றோ இழுத்தால் முகம் சிவக்கும், எவ்வளவு தகுதி இருந்தாலும் வெறுங்கையோடு வெளியே. எத்தனை எகிப்தியர்கள் அக்கா வாசலில் வைத்து அவசர அவசரமாக ஸபீதியின் சீடர்களானார்களோ!

ஜுபைதா விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் நின்றுபோனது. மனைவி. 1782 வாக்கில் இறந்தார். ஷைகு உடைந்தே போனார். ஸையிதா ருகையா ஜியாரத்துக்குப் பக்கத்தில் அடக்கி, கபுருக்கு மேல் கட்டடம், திரை, விரிப்பு, விளக்கு எல்லாம் வைத்து, நாள்கணக்கில் அங்கேயே கிடந்தார். குர்ஆன் ஓதுகிறவர்களும் பைத்துப் பாடுகிறவர்களும் கூடினார்கள். அவர்களுக்குத் தரீத், குஸ்குஸ், காபி, ஷர்பத். பக்கத்திலேயே இடம் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டி மாமியாரைக் குடிவைத்தார். சில இரவுகள் தானும் அங்கே தங்கினார். கவிஞர்கள் மோப்பம் பிடித்து இரங்கற்பாக்களோடு வந்தார்கள். எல்லாருக்கும் சன்மானம். தானும் எழுதினார், லைலாவுக்காக மஜ்னூன் உருகியதைப் போல. ஐம்பது வயதில், ஊரெல்லாம் பார்க்க, மனைவிக்காக இப்படி அழுத அந்த மனிதரிடம்தான் எனக்கு நெருக்கம் தோன்றுகிறது.

பிறகு இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். ஆனால் வாசலை மூடிவிட்டார். பாடம் நிறுத்தம், சந்திப்பு நிறுத்தம், பரிசுகளும் நிறுத்தம். ஒரு ரமலானில் அய்யூப் பே என்ற நிதியதிகாரி மகன் மூலம் அனுப்பினார்: ஐம்பது அர்தப் கோதுமை, சுமை சுமையாக அரிசி, நெய், தேன், எண்ணெய், ஐந்நூறு ரியால் ரொக்கம், இந்தியத் துணி மூட்டைகள், கம்பளித் துணி. அத்தனையும் திரும்பிப் போனது. பேமார்கள் நேரிலேயே வந்தார்கள். ஷைகு வெளியே வரவில்லை. வந்த வழியே போனார்கள். பரிசு வாங்கிய காலத்தைவிட வாங்காத காலத்தில் புகழ் இன்னும் ஏறியது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. கஸ்ஸாலியின் இஹ்யா என்ற நூலுக்குப் பத்து பாக விளக்கவுரை எழுதி, அகராதியைப் போல இதற்கும் பெயர் வரட்டும் என்று துருக்கிக்கும் சிரியாவுக்கும் மேற்குக்கும் பாகம் பாகமாக அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். துறவு அஞ்சல் சேவையைத் தொடவில்லை.

திருப்பி அனுப்பியதில் ஒன்று மட்டும் வம்பானது. மொராக்கோ சுல்தான் மவ்லாய் முஹம்மது அனுப்பிய பணத்தையும் பேணுதல் காரணமாக வேண்டாம் என்றார். அது சுல்தானிடம் போய்ச் சேரவில்லை, நடுவழியில் மாயமானது. சுல்தானிடமிருந்து சூடாக ஒரு கடிதம். முஸ்லிம்களின் பொதுநிதியிலிருந்து அனுப்பியதை மறுத்தீரே, ஏழைகளுக்காவது பிரித்துக் கொடுத்திருந்தால் உமக்கும் நன்மை, நமக்கும் நன்மை. இப்போது யாருக்கும் இல்லை. அதோடு விடாமல், இஹ்யாவுக்கு உரை எழுதுவதை விட்டுப் பிரயோஜனமாக ஏதாவது செய்யக் கூடாதா என்றும் கேட்டுவிட்டார். புத்தக விமர்சனம் சுல்தான்களிடமிருந்து வந்தால் பதில் எழுதுவது கஷ்டம்.

1791 வசந்தத்தில் கெய்ரோவைக் கொள்ளைநோய் பிடித்தது. வீட்டுக்கு எதிரே இருந்த குர்தி பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவருக்கு நோய் கண்டது. அன்று இரவே நாக்கு கட்டிக்கொண்டது. ஒரு லட்சத்து இருபதாயிரம் பதிவுக்காரருக்கு ஒரு சொல் வரவில்லை. ஞாயிறன்று மௌத்தானார். வீட்டில் செய்தியை வெளியே விடவில்லை. மனைவியும் அவர் பக்கத்து ஆட்களும் விலையுயர்ந்த சாமான்களையும் புத்தகங்களையும் நகர்த்தி முடித்த பிறகு, திங்களன்றுதான் மையித்து வீடு என்று அறிவித்தார்கள். உடனே மனைவியின் தங்கை கணவர் வழியாக இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் ரிள்வான் கத்குதா, பட்டப்பெயர் மஜ்னூன், பைத்தியம். மற்றவர் உஸ்மான் பே, பட்டப்பெயர் தப்ல், முரசு. இறந்தவர் தன்னைத்தான் சொத்துக்குப் பொறுப்பாளராக நியமித்தார் என்றார் பைத்தியம். மேற்பார்வைக்கு முரசு. நாக்கு கட்டிக்கொண்ட மனிதர் இதை எப்போது சொன்னார் என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. பைத்தியத்தையும் அதே கொள்ளைநோய் சீக்கிரமே கொண்டுபோனது.

ஜுபைதாவுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே தோண்டிவைத்திருந்த கபுரில் அடக்கினார்கள். ஊரே சாவில் மூழ்கியிருந்ததால் அல்-அஸ்ஹருக்கு அன்றைக்குச் செய்தியே எட்டவில்லை. பிள்ளைகள் கிடையாது. ஜுபைதாவுக்குப் பாட்டெழுதிச் சன்மானம் வாங்கிய ஊரில், இவருக்கென்று ஒரு கவிஞரும் இரங்கற்பா எழுதவில்லை. ஜபர்தி அதையும் குறித்துக்கொண்டார்.

ஸபீதி கடைசிக் காலத்தில் எகிப்துப் பெரியவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். டமாஸ்கஸ் முஃப்தி கலீல் முராதி கேட்டுக்கொண்டது அது. ஜபர்தியும் கூட இருந்து உதவினார். உஸ்தாத் போனதும் முராதி ஜபர்திக்கு எழுதினார்: அந்தக் காகிதங்களை எப்படியாவது தேடிப் பிடியுங்கள். ஜபர்தி தேடிப் பிடித்தார். அதற்குள் முராதியும் போய்ச் சேர்ந்துவிட, காகிதங்கள் ஜபர்தியிடமே தங்கின. அவருடைய பெரிய சரித்திரம் அங்கிருந்துதான் முளைத்தது. அதில் உஸ்தாதுக்குப் பக்கம் பக்கமாக இடம்: தலைப்பாகைக் குஞ்சம், கோதுமை எத்தனை அர்தப், ஆட்டுத் தலை எப்படி, எல்லாம் உண்டு. மொராக்கோ சுல்தானின் அந்தத் திட்டுக் கடிதத்தை மட்டும் அதன் சாரத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறார். மூலம் தன்னிடம்தான் இருந்ததாம், வாசித்தாராம், பிறகு காகிதங்களுக்கு நடுவே எங்கேயோ தொலைந்துவிட்டதாம்.